கௌரவ டாக்டர் பட்டம்: ஒரு பெயர் எத்தனை கைகளைக் கடந்து மேடைக்கு வருகிறது?

கேள்வி கேட்டவர் சொன்னது சுருக்கமாக இது. அவருடைய பள்ளித் தமிழாசிரியர் பணி ஓய்வுக்குப் பிறகும் ஊர் ஊராகச் சுற்றி நடுகற்களைத் தேடிக் கண்டுபிடித்து, கல்வெட்டுகளுக்கு மைப்படி (கல்மேல் தாளை ஒட்டி மையால் எடுக்கும் படி) எடுத்து, எல்லாவற்றையும் நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்திருக்கிறார். முனைவர் பட்டம் பெறாதவர். பழைய மாணவர்கள் ஒன்றுசேர்ந்து ஒரு பல்கலைக்கழகத்தின் கௌரவ டாக்டர் பட்டம் அவருக்குக் கிடைக்க வழி செய்ய நினைக்கிறார்கள். எங்கே விண்ணப்பிப்பது? யார் பரிந்துரைக்க வேண்டும்? எவ்வளவு காலம் ஆகும்? இதற்கிடையில் ஓர் அமைப்பு, பதிவுக் கட்டணம் செலுத்தினால் அடுத்த மாதமே சென்னையில் ஓர் ஓட்டலில் விழா நடத்திப் பட்டம் தருவதாக அழைத்திருக்கிறது. அது செல்லுமா? பட்டம் கிடைத்தால் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டுக்கொள்ளலாமா?

பல்கலைக்கழக நிர்வாகத்தில், அதிலும் பட்டமளிப்பு விழாப் பணிகளில், நீண்ட காலம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த அமைப்புக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் ஆசிரியரை அந்த ஓட்டல் மேடையில் ஏற்றாதீர்கள். ஏன் என்பதைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன். பட்டம் வழங்கும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்கும் பாதி விடை கிடைத்துவிடும்.

இந்தியாவில் யார் பட்டம் வழங்கலாம் என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 1956, தன் 22ஆம் பிரிவில் வரையறுக்கிறது. நாடாளுமன்றமோ மாநிலச் சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் அமைந்த பல்கலைக்கழகம், அதே சட்டத்தின் 3ஆம் பிரிவின்கீழ் நிகர்நிலை, அதாவது பல்கலைக்கழகத்துக்கு நிகரான, தகுதி பெற்ற நிறுவனம், நாடாளுமன்றம் தனியாக அதிகாரம் அளித்த நிறுவனம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த உரிமை உண்டு. அறக்கட்டளை, சங்கம், மனித உரிமை அமைப்பு, கலாசார மன்றம் என்று எந்தப் பெயரில் பதிவு செய்திருந்தாலும் வேறு எவருக்கும் கிடையாது. சால்வை போடலாம், கேடயம் தரலாம், விருது கொடுக்கலாம்; பட்டம் கொடுக்க முடியாது.

பல்கலைக்கழகங்களுக்கேகூட இந்த உரிமை தொடக்கத்திலிருந்து இருக்கவில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857இல் கல்கத்தா, பம்பாய் பல்கலைக்கழகங்களோடு தோன்றியது. அப்போது அதன் வேலை தேர்வு நடத்தித் தேறியவர்களுக்குப் பட்டம் கொடுப்பது மட்டுமே. தேர்வு எழுதாத ஒருவருக்குப் பட்டம் கொடுக்க வேண்டுமானால் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. 1884ஆம் ஆண்டின் முதலாம் சட்டம் அதற்காகவே வந்தது. இந்த மூன்று பல்கலைக்கழகங்களும் சட்டத் துறையில் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கலாம் என்று அது அனுமதித்தது. சட்டத் துறையில் மட்டும்தான். பொதுவாழ்வில் இருப்பவர்களுக்கு, அவர்கள் சட்டக் கல்லூரிப் பக்கமே போகாதவர்களாக இருந்தாலும், எல்.எல்.டி. என்ற சட்ட டாக்டர் பட்டத்தையே பல பல்கலைக்கழகங்கள் தருவது இத்தகைய பழைய வழக்கத்தின் தொடர்ச்சி. இலக்கியம், கலை என்றால் டி.லிட்., அறிவியல் என்றால் டி.எஸ்சி. என்ற பிரிவினை பிற்பாடு நிலைபெற்றது.

1904ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தில் இதற்கென்று ஒரு பிரிவு இருக்கிறது. இன்றைய விதிகளின் எலும்புக்கூடு அதில்தான் இருப்பதால் பொறுமையாகப் படிக்கத் தக்கது. துணைவேந்தரும், பல்கலைக்கழகத்தை நிர்வகிக்கும் குழுவான சிண்டிகேட்டின் மற்ற உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதவர்களும், ஒருவர் தம் உயர்ந்த நிலையாலும் சாதனையாலும் இப்பட்டத்துக்குத் தகுதியானவர் என்று பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரையை, பல்கலைக்கழகத்தின் பெரிய பேரவையான செனட்டின் கூட்டத்துக்கு வந்திருப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்க வேண்டும். பிறகு வேந்தர் உறுதி செய்ய வேண்டும். இவ்வளவும் நடந்தால்தான் தேர்வு எழுதச் சொல்லாமல் பட்டம் தரலாம். சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் ஒருவர் இருந்தால் போதும். இங்கே இரண்டு சபைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு கேட்டார்கள். தேர்வு என்ற வாயிலைத் திறந்துவிடும்போது அதற்கு ஈடாக வேறொரு கடினமான வாயிலை வைக்க வேண்டும் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். சரியான நினைப்பு.

மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான 2009ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே உயிர் ஓடுகிறது. திருவாரூரில் உள்ள தமிழ்நாடு மத்தியப் பல்கலைக்கழகம் இந்தச் சட்டத்தின்கீழ் வருவது. கல்விக் குழு பரிந்துரைக்க வேண்டும். நிர்வாகக் குழுவில் வந்து வாக்களிப்போரில் மூன்றில் இரண்டு பங்கினர் தீர்மானத்தை ஆதரிக்க வேண்டும். அது முன்மொழிவாக விசிட்டருக்கு, அதாவது குடியரசுத் தலைவருக்கு, போக வேண்டும். கொடுத்த கௌரவப் பட்டத்தைத் திரும்பப் பெறவும் அதே மூன்றில் இரண்டு பங்கும் விசிட்டரின் முன் அனுமதியும் தேவை. மாநிலப் பல்கலைக்கழகங்களில் கல்விக் குழு, சிண்டிகேட், செனட் ஆகியவற்றின் பங்கு ஒவ்வொரு பல்கலைக்கழகச் சட்டத்துக்கும் ஏற்பச் சற்று மாறும். கடைசிக் கையெழுத்து வேந்தருடையது. தமிழ்நாட்டின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வேந்தர் என்றால் ஆளுநர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் அந்த இடத்தில் பெரும்பாலும் நிறுவனரோ அவர் குடும்பத்தைச் சேர்ந்தவரோ இருப்பதால், எல்லாக் கையெழுத்துகளும் ஒரே கட்டடத்துக்குள் முடிந்துவிடும். அந்தப் பட்டமும் சட்டப்படி செல்லும். ஆனால் கேள்வி கேட்க வெளியாள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை நான் எப்போதும் பார்ப்பேன்.

இனி உள்ளே நடப்பது. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் கௌரவப் பட்டத்துக்கு விண்ணப்பப் படிவம் என்று எதுவும் இல்லை. "எனக்குத் தாருங்கள்" என்று எவரும் கேட்கும் வழக்கமும் இல்லை. கேட்டால் அந்தக் கடிதமே தகுதிக் குறைவாகிவிடும். ஒரு துறைத் தலைவரோ, பேராசிரியரோ, செனட் உறுப்பினரோ பெயரை எழுத்தில் முன்மொழிவார். பட்டமளிப்பு விழா நெருங்கும்போது துணைவேந்தரே துறைகளிடம் பெயர் கேட்பதும் உண்டு. வந்த பெயர்களை ஒரு சிறு குழு ஆராயும். அதில் துணைவேந்தர், சில புல முதன்மையர்கள் (டீன்கள்), சில இடங்களில் வெளி அறிஞர்கள் இருப்பார்கள். அதன் பிறகே பெயர் கல்விக் குழுவுக்கும் சிண்டிகேட்டுக்கும் போகும்.

இந்தக் கட்டத்தில் கோப்பு ரகசியமாக இருக்கும், இருக்கவும் வேண்டும். வெளியில் தெரிந்துவிட்டால் நிராகரிக்கப்படுபவர் தாம் கேட்காத ஒன்றுக்காக அவமானப்படுவார். ஆகவே உங்கள் ஆசிரியரிடம் இப்போது எதையும் சொல்லாதீர்கள். ஊர்க்காரர்கள் சுவரொட்டி ஒட்டுவதும், நாளிதழில் கோரிக்கை வைப்பதும் உதவுவதற்குப் பதிலாகக் கெடுத்துவிடும். வற்புறுத்தலுக்கு இணங்கியதாகத் தோன்றும் தீர்மானத்தில் கையெழுத்திட நல்ல பேராசிரியர்கள் தயங்குவார்கள்.

தீர்மானங்கள் நிறைவேறி வேந்தரின் ஒப்புதலும் வந்த பிறகு, துணைவேந்தர் சம்பந்தப்பட்டவருக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேட்பார். சிலர் மறுப்பதுண்டு. 2016 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகம் தர முன்வந்த சட்ட டாக்டர் பட்டத்தைப் பிரதமர் நரேந்திர மோடி ஏற்கவில்லை. இத்தகைய பட்டங்களை ஏற்பதில்லை என்பது தம் கொள்கை என்று தெரிவித்தார். சம்மதம் வந்த பிறகே அறிவிப்பு வரும். விழாவன்று அவருடைய பணியை எடுத்துரைக்கும் தகுதியுரை வாசிக்கப்படும். வேந்தரிடம் அவரை முறைப்படி முன்னிறுத்துவார்கள், வேந்தர் பட்டத்தை வழங்குவார், பதிவேட்டில் கையெழுத்தாகும். அந்தத் தகுதியுரையை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். ஒருவருக்கு ஏன் பட்டம் என்று பல்கலைக்கழகம் தன் வாயால் பகிரங்கமாகச் சொல்லும் ஒரே இடம் அது. "பன்முக ஆளுமை", "சமூகச் சிற்பி" என்று பொதுவான சொற்களால் ஒரு தகுதியுரை நிரம்பியிருந்தால், எழுதியவருக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை என்று பொருள்.

சொல்ல ஏராளம் இருந்த ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். உ.வே. சாமிநாதையர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்லர். திருவாவடுதுறை ஆதீனத்து மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். 1880இல் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியரானார். சீவக சிந்தாமணியை 1887இலும், பத்துப்பாட்டை 1889இலும், சிலப்பதிகாரத்தை 1892இலும், புறநானூற்றை 1894இலும், மணிமேகலையை 1898இலும் பதிப்பித்தார். அரசாங்கம் 1906இல் மகாமகோபாத்தியாயர் பட்டம் தந்தது. சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது 1932இல். சிந்தாமணி வெளிவந்து 45 ஆண்டுகள் கழிந்திருந்தன. அதற்குள் அவருடைய பதிப்புகள் இல்லாமல் தமிழ்த் துறைகள் பாடம் நடத்த முடியாது என்ற நிலை வந்துவிட்டது. முனைவர் பட்ட ஆய்வுகளுக்கே மூலநூல் தந்தவரிடம் ஆய்வேடு கேட்பதில் பொருளில்லை. கௌரவப் பட்டம் இருப்பதற்கு நியாயமான காரணம் இதுதான் என்பேன்: பல்கலைக்கழகத்தின் வழக்கமான அளவுகோலுக்குள் வராத, ஆனால் பல்கலைக்கழகத்தின் அறிவையே பெருக்கிய ஒருவரை ஏற்றுக்கொள்ள வேறு வழியில்லை. உங்கள் ஆசிரியரைப் போன்றவர்களுக்கு இந்தக் கதவு திறக்க வேண்டும் என்று நான் விரும்புவதும் இதனால்தான்.

இன்னொரு நிகழ்ச்சி எனக்கு எப்போதும் மனநிறைவு தருவது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் ரவீந்திரநாத் தாகூருக்கு டாக்டர் பட்டம் தர முடிவு செய்தபோது அவர் முதுமையாலும் நோயாலும் தளர்ந்திருந்தார்; போர்க்காலம் வேறு. பட்டம் பெறுபவர் நேரில் வர வேண்டும் என்பது அந்தப் பல்கலைக்கழக மரபு. எனவே பல்கலைக்கழகமே அவரிடம் வந்தது. 1940 ஆகஸ்ட் 7ஆம் தேதி சாந்திநிகேதனில் ஆக்ஸ்ஃபோர்டின் சிறப்புப் பட்டமளிப்பு விழா நடந்தது. பல்கலைக்கழகத்தின் சார்பில் இந்தியக் கூட்டாட்சி நீதிமன்றத் தலைமை நீதிபதி மாரிஸ் குவயரும், அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியராக இருந்த சர்வபள்ளி ராதாகிருஷ்ணனும் வந்திருந்தார்கள். தகுதியுரை லத்தீனில் வாசிக்கப்பட்டது. தாகூர் சமஸ்கிருதத்தில் பதிலளித்தார். அடுத்த ஆண்டு அதே ஆகஸ்ட் 7ஆம் தேதி அவர் மறைந்தார். முறை கெடாமல் மனிதரையும் மதித்த விழா அது.

இந்த முறைகள் வெறும் சடங்கல்ல, அவற்றுக்கு 'இல்லை' என்று சொல்லும் வலிமை உண்டு என்பதற்கும் அதே பல்கலைக்கழகம் சான்று. மார்கரெட் தாட்சர் ஆக்ஸ்ஃபோர்டில் வேதியியல் படித்தவர். பிரிட்டனின் முதல் பெண் பிரதமர். அங்கே படித்துப் பிரதமரானவர்களுக்குக் கௌரவப் பட்டம் தருவது வழக்கமாகவே ஆகியிருந்தது. 1985 ஜனவரியில் அவர் பெயர் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர்களும் நிர்வாகிகளும் அடங்கிய பேரவையின் முன் வந்தது. கல்விக்கும் ஆராய்ச்சிக்கும் அவர் அரசு நிதியைக் குறைத்ததை எதிர்த்து 738 பேர் எதிராகவும் 319 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். பதவியில் இருக்கும் பிரதமருக்குப் பட்டம் மறுக்கப்பட்டது. அந்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். ஆனால் அந்தப் பேரவையிடமிருந்து அதற்கு முன்னும் பின்னும் பட்டம் பெற்ற ஒவ்வொருவரின் பட்டத்துக்கும் அந்த வாக்கெடுப்பு மதிப்புக் கூட்டியது. மறுக்கத் தெரிந்த சபை கொடுப்பதுதான் கொடையாகும். கேம்பிரிட்ஜில் 1992இல் பிரெஞ்சுத் தத்துவ அறிஞர் ஜாக் தெரிதாவின் பெயரை எதிர்த்துப் பேராசிரியர்கள் வாக்கெடுப்பு கோரினார்கள். 336க்கு 204 என்ற கணக்கில் அவர் வென்றார். எதிர்ப்பைக் கடந்து வந்த அந்தப் பட்டத்துக்கும் அதே மதிப்பு உண்டு.

நம் ஊரில் இந்த வலிமை குறைவு. அதை மறைக்க விரும்பவில்லை. சிண்டிகேட்டில் உயர்கல்வித் துறைச் செயலர் முதலான அரசு அதிகாரிகள் பதவி வழி உறுப்பினர்கள். பல்கலைக்கழகத்தின் சம்பளமும் ஓய்வூதியமும் அரசு தரும் நிதியில் தொங்குகின்றன. அந்தச் சபையின் முன் ஆட்சியில் இருப்பவர் பெயர் வந்தால் எதிர்த்துக் கை தூக்குபவர் யார்? 1968இல் முதலமைச்சர் அண்ணாதுரைக்கும், 1971இல் முதலமைச்சர் கருணாநிதிக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. 1971இல் மாணவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். 1991 ஜூனில் முதலமைச்சரான ஜெயலலிதாவுக்கு அதே ஆண்டு டிசம்பரில் சென்னைப் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது. இவர்களில் எவருடைய தகுதியையும் நான் இங்கே எடைபோடவில்லை. அண்ணாவின் எழுத்தையும் பேச்சையும் முன்வைத்து எந்த நேர்மையான குழுவும் பரிந்துரைத்திருக்கும். என் கருத்து பதவியைப் பற்றியது: பல்கலைக்கழகத்தின் பணப்பெட்டிச் சாவியை வைத்திருப்பவருக்கு, அவர் அந்தப் பதவியில் இருக்கும் வரை, அந்தப் பல்கலைக்கழகம் பட்டம் தரக்கூடாது. பதவி முடிந்த பிறகு தரட்டும். தகுதி எங்கும் போய்விடாது.

இதற்கு மறுபுறமும் உண்டு. 2023இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகம், விடுதலைப் போராட்ட வீரரும் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியின் மூத்த தலைவருமான என். சங்கரய்யாவுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் தர முடிவு செய்தது. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது 1941இல், இறுதித் தேர்வுக்குச் சில நாட்களே இருந்த நிலையில், கைதானவர் அவர். பட்டப்படிப்பு அத்தோடு நின்றுபோனது. அதே மதுரையிலுள்ள பல்கலைக்கழகம் அவருக்குப் பட்டம் தருவதைவிடப் பொருத்தமான ஒன்றை எளிதில் நினைக்க முடியாது. பல்கலைக்கழகச் சபைகளில் தீர்மானம் நிறைவேறியது. வேந்தரான ஆளுநர் ஆர்.என். ரவி ஒப்புதல் தரவில்லை. அதைக் கண்டித்து உயர்கல்வி அமைச்சராக இருந்த பொன்முடி நவம்பர் 2 அன்று நடந்த பட்டமளிப்பு விழாவைப் புறக்கணித்தார். நவம்பர் 15 அன்று, 102 வயதில், சங்கரய்யா காலமானார்.

வேந்தரின் கையெழுத்து ஒரு காவல் என்றுதான் சட்டம் எழுதியவர்கள் நினைத்தார்கள். காரணம் சொல்லாமல் நிறுத்தி வைக்கவும் அது இடம் தருகிறது, கால வரம்பும் இல்லை என்பது பெரிய குறை. ஒப்புதல் மறுத்தால் எழுத்தில் காரணம் சொல்லி, குறிப்பிட்ட நாட்களுக்குள் தீர்மானத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று விதி வர வேண்டும். நூறு வயதைக் கடந்தவரின் கோப்பு மேசையில் கிடப்பதைவிட வருத்தமான ஒன்றைப் பட்டமளிப்புப் பிரிவில் இருப்பவர்கள் பார்க்க வேண்டியதில்லை.

நல்லபடியாக நடந்ததும் சொல்ல வேண்டும் அல்லவா? 2022 நவம்பரில் காந்திகிராமக் கிராமிய நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவில் இளையராஜாவும் மிருதங்க வித்வான் உமையாள்புரம் சிவராமனும் கௌரவப் பட்டம் பெற்றார்கள். ஒருவர் திரையிசையிலும் மற்றவர் கச்சேரி மேடையிலும் செய்த பணிகளை அறியாதவர் தமிழ்நாட்டில் இல்லை. இப்படிப் பட்டம் கொடுக்கும்போது பெறுபவரோடு சேர்ந்து பல்கலைக்கழகமும் பெருமை அடைகிறது.

கௌரவப் பட்டமே தராத பல்கலைக்கழகங்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் 1861இல் தொடங்கியதிலிருந்தே கௌரவப் பட்டம் தருவதில்லை. தாமஸ் ஜெஃபர்சன் நிறுவிய வர்ஜீனியா பல்கலைக்கழகமும் அப்படியே. படித்துப் பெறுவது மட்டுமே பட்டம் என்பது அவர்கள் நிலை. அதை மதிக்கிறேன், ஆனால் உ.வே.சா.வை நினைக்கும்போது ஏற்க முடியவில்லை. தந்த பட்டத்தைத் திரும்பப் பெறுவதும் நடக்கும்: ராபர்ட் முகாபேக்கு 1984இல் தந்த பட்டத்தை எடின்பரோ பல்கலைக்கழகம் 2007இல் ரத்து செய்தது.

இப்போது அந்த ஓட்டல் விழாவுக்கு வருகிறேன். பட்டம் தரும் உரிமை இல்லாதவர் பட்டம் தருவது 1956ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்கான தண்டனை ஆயிரம் ரூபாய் வரை அபராதம் என்று சட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. 1956இல் அது பெரிய தொகையாக இருந்திருக்கலாம். இப்போது அது யாரையும் தடுக்காது. ஆகவேதான் இந்த வியாபாரம் கொழிக்கிறது. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள அரங்கிலேயே ஒரு தனியார் அமைப்பு விழா நடத்தி, திரைத்துறையினர் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் என்று சொல்லிச் சான்றிதழ் கொடுத்தது. தனக்கும் அதற்கும் தொடர்பில்லை என்று பல்கலைக்கழகம் அறிவித்துக் காவல்துறையில் புகார் கொடுத்தது. விழா நடத்தியவர் கைதானார். அரங்கு பல்கலைக்கழகத்துடையது என்பதால் பட்டமும் அதனுடையது என்று நம்பியவர்கள் ஏமாந்தார்கள். பிரபலங்களே ஏமாறும்போது ஒரு சிற்றூர் ஆசிரியரை ஏமாற்றுவது எவ்வளவு எளிது என்று யோசியுங்கள்.

இன்னொரு வகை, வெளிநாட்டுப் பெயர்ப் பலகை. ஏதோ ஒரு தீவு நாட்டில் நிறுவனமாகப் பதிவு செய்து, பெயரில் 'உலக', 'சர்வதேச', 'அமைதி' போன்ற சொற்களைச் சேர்த்து, இங்கே முகவர் வைத்துக்கொண்டு விற்பார்கள். கண்டுபிடிக்கச் சில நேரான கேள்விகள் போதும். இந்தியப் பல்கலைக்கழகம் என்றால் அதன் பெயர் பல்கலைக்கழக மானியக் குழுவின் பட்டியலில் இருக்கிறதா? போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலையும் அக்குழு வெளியிடுகிறது. சிண்டிகேட் தீர்மானத்தின் எண்ணும் தேதியும் என்ன? அரசுப் பல்கலைக்கழகமானால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டு வாங்கலாம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் என்றால், அங்கே வகுப்பறையில் உட்கார்ந்து படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்களா? பட்டம் பெறுபவரிடம் 'பதிவுக் கட்டணம்', 'அங்கிக் கட்டணம்', 'நன்கொடை' என்று எந்தப் பெயரிலாவது பணம் கேட்கிறார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஆம் என்று பதில் வந்தால் மற்றவற்றைக் கேட்கவே வேண்டாம். அங்கியைக்கூடப் பல்கலைக்கழகமே கொடுத்துப் போடச் சொல்வதுதான் நான் கண்ட முறை.

பெயருக்கு முன்னால் போடுவது பற்றி. கௌரவப் பட்டம் பெற்றவர் டாக்டர் என்ற முன்னொட்டைப் பயன்படுத்துவதில்லை என்பது உலகின் பல பல்கலைக்கழகங்களில் ஏற்கப்பட்ட மரபு. நடைமுறையில் அது எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்ததில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1759இல் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் தந்த கௌரவப் பட்டத்துக்குப் பிறகு வாழ்நாள் முழுவதும் டாக்டர் ஃபிராங்க்ளின்தான். நம் அப்துல் கலாமும் முனைவர் பட்ட ஆய்வு செய்தவரல்லர். பல பல்கலைக்கழகங்கள் தந்த கௌரவப் பட்டங்களால் மக்கள் அவரை டாக்டர் கலாம் என்றார்கள். அம்பேத்கருக்கு இரண்டும் உண்டு. கொலம்பியாவிலும் லண்டன் பொருளாதாரப் பள்ளியிலும் ஆய்வு செய்து பெற்ற டாக்டர் பட்டங்கள் ஒருபுறம். கொலம்பியா 1952இலும் உஸ்மானியா 1953இலும் தந்த கௌரவப் பட்டங்கள் மறுபுறம். இரண்டையும் தனித்தனியாகவே குறிப்பிடுவார்கள். அரசியலமைப்பின் 18ஆம் பிரிவு அரசு பட்டங்கள் வழங்குவதைத் தடுத்தாலும், ராணுவ, கல்விச் சிறப்புகளுக்கு விலக்கு அளிக்கிறது. பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னும் பின்னும் போடக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன தீர்ப்பு தேசிய விருதுகளைப் பற்றியது, கல்விப் பட்டங்களைப் பற்றியது அல்ல.

என் யோசனை: பெயருக்குப் பின்னால் டி.லிட். என்றும், அருகில் கௌரவப் பட்டம் என்றும், தந்த பல்கலைக்கழகத்தின் பெயரையும் எழுதுங்கள். வேலைக்கோ பதவி உயர்வுக்கோ ஆய்வு நெறியாளர் தகுதிக்கோ அதைக் காட்ட முடியாது. அங்கே காட்டுவது மோசடியாகிவிடும். ஊர் மக்கள் அன்பால் டாக்டர் ஐயா என்று கூப்பிட்டால் அது அவர்கள் உரிமை.

உங்கள் ஆசிரியருக்கு என்ன செய்யலாம்? அவருடைய நோட்டுப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். எந்த ஊர், எந்த இடம், எப்போது பார்த்தது, என்ன எழுத்து, என்ன வாசகம் என்று ஓர் அட்டவணை தயாரியுங்கள். மைப்படிகளை ஸ்கேன் செய்யுங்கள். அவர் கண்டுபிடித்தவற்றில் எவை ஏற்கெனவே வெளியானவை, எவை புதியவை என்று ஒரு கல்வெட்டியல் பேராசிரியரிடம் காட்டிப் பிரித்துவையுங்கள். ஆய்வேடுகளிலும் கட்டுரைகளிலும் எங்கெல்லாம் அவர் பெயர் குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று தேடி எடுங்கள். பெயர் சொல்லாமல் அவர் தகவலைப் பயன்படுத்தியவர்களும் இருப்பார்கள். சிண்டிகேட்டில் ஒரு பெயரை நிற்கவைப்பது பாராட்டு மடல்கள் அல்ல, இந்த ஆவணம்தான். அமைச்சர், சட்டமன்ற உறுப்பினர் பரிந்துரைக் கடிதங்களைச் சேர்க்க வேண்டாம். வெவ்வேறு நிறுவனங்களைச் சேர்ந்த இரண்டு மூன்று அறிஞர்கள், அவருடைய கண்டுபிடிப்பு ஏதாவது ஒன்றைக் குறிப்பிட்டு எழுதிய கடிதங்கள் போதும்.

பிறகு உங்கள் மாவட்டத்துக்குரிய பல்கலைக்கழகத்தின் தமிழ்த் துறை அல்லது வரலாற்றுத் துறைத் தலைவரைப் பாருங்கள். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் கல்வெட்டியல் துறையும் இயல்பான இடம். முன்மொழிபவர் துறைத் தலைவராக இருக்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள். ஒரு பட்டமளிப்பு விழா முடிந்த சில வாரங்களில் கோப்பைக் கொடுப்பது நல்லது. விழாவுக்கு ஒரு மாதம் முன்பு கொடுத்தால் கூட்டங்களும் ஒப்புதலும் நடக்க நேரம் இருக்காது. எல்லாம் சீராகப் போனாலும் ஓராண்டு எடுக்கும். அதற்கு மேலும் ஆகலாம். மறைந்தவர்களுக்கு இப்பட்டம் தருவது அரிது என்பதால், ஆசிரியரின் வயதை மனதில் வைத்து இந்த ஆண்டே தொடங்கிவிடுங்கள்.

கூடவே மற்ற வழிகளையும் பாருங்கள். சில பல்கலைக்கழகங்கள் தரும் விருதுகளுக்கு வெளிப்படையாக அறிவிப்பு வரும். நூல்களையும் பெயர்களையும் அனுப்பலாம். எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராயம் வழங்கும் விருதுகள் அந்த வகை. விருதுக்கு நூல் வேண்டும் என்றால், நோட்டுப் புத்தகங்கள் நூலாவதற்கு அதுவே ஒரு காரணமாகட்டும். துறையில் ஓர் அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அவரை அழைக்கச் சொல்லிக் கேளுங்கள். இதற்குச் சிண்டிகேட்டும் செனட்டும் வேந்தரும் தேவையில்லை, துறைத் தலைவர் மனம் வைத்தால் இந்தப் பருவத்திலேயே நடக்கும். அவர் பேச்சைக் கேட்கும் முதுகலை மாணவர்களில் ஒருவர் அந்தக் கல்வெட்டுகளை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டால், கோப்பில் சேர்க்க அதைவிட வலுவான தாள் வேறு கிடைக்காது.